குளிர்நீர் குறையும் கார்: காரணம் காணலும் சீர்செய்தலும்

முன்னுரை

கார் வைத்திருப்போர் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பர். நீர் குறைந்திருந்தால் ஒரு செம்பு நீரை ஊற்றி மூடிவிட்டுப் புறப்படுவர். மறுநாளும் குறைந்திருக்கும், மறுநாளும் ஊற்றுவர். திங்கள் பல இவ்வாறே கழியும். பின்னர் ஒருநாள் மலைப்பாதையிலோ நெடுஞ்சாலையிலோ எஞ்சின் கொதித்து நின்றுவிடும். தொடக்கத்திலேயே காரணத்தைக் கண்டிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய வேலை, அப்போது பல்லாயிரம் ரூபாய்ச் செலவாக வளர்ந்து நிற்கும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கோ அது ஒரு குடும்பத்தின் வருவாயே நின்றுபோவதாகும்.

நீர் ஊற்றுதல் இழப்பை ஈடுசெய்யுமேயன்றி இழப்பின் காரணத்தை நீக்காது. நோயையும், அந்நோய் தோன்றிய காரணத்தையும், அதனைத் தீர்க்கும் வழியையும் வரிசையாக ஆராய்ந்த பின்னரே மருத்துவத்தில் இறங்க வேண்டும் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் உணர்த்தும் கருத்தாகும். உடலுக்குச் சொன்ன அந்நெறி எந்திரத்துக்கும் பொருந்தும். குறைந்த நீர் எங்கே போயிற்று என்பதைக் கண்டறியாமல் எந்த உறுப்பையும் மாற்றலாகாது என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

ரேடியேட்டர், ஹோஸ், கேஸ்கெட், தெர்மோஸ்டாட் முதலிய பெயர்கள் பட்டறைகளில் வழங்கும் வடிவிலேயே இங்கு எடுத்தாளப்படுகின்றன. உரிமையாளரும் மெக்கானிக்கும் ஒரே சொல்லால் பேசிக்கொள்ளும்போது குழப்பம் குறையும். 'கூலண்ட்' எனப்படும் நீர்மம் மட்டும் குளிர்நீர் என்று குறிக்கப்படுகிறது.

நீர் ஊற்றும் வழக்கம் வந்த வழி

நீர் குறைவது இயல்பாகவே இருந்த காலமும் உண்டு. செருமானியரான கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியில், எஞ்சினைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறையாக இருந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் துணைவியார் பெர்த்தா பென்ஸ் தம் இரு மைந்தருடன் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு அவ்வகை வண்டியில் சென்றார். வழியெங்கும் நீர் ஊற்றிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது. 1900ஆம் ஆண்டை ஒட்டி வில்ஹெல்ம் மைபாக் என்னும் பொறியாளர் 8,000க்கும் மேற்பட்ட சிறு குழாய்கள் கொண்ட தேன்கூட்டு வடிவ ரேடியேட்டரை மெர்சிடிஸ் காருக்கென வடிவமைத்தார். அது முதல், ஒரே நீரை மீண்டும் மீண்டும் சுற்றச்செய்து குளிர்விக்கும் முறை நிலைபெற்றது.

இன்றைய கார்களில் உள்ளது முற்றிலும் மூடிய சுற்று. குறைபாடற்ற காரில் குளிர்நீரின் மட்டம் திங்கள் பல கடந்தும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். எனவே அடிக்கடி நீர் குறைகிறது என்றால், அது வண்டியின் இயல்பு அன்று, நோயின் அறிகுறி.

எஞ்சினும் வெப்பமும்

பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோதான் சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பமாகும். அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பெரும்பகுதியைக் குளிர்நீர் சுமந்து சென்று காற்றில் விட்டாக வேண்டும்.

வாட்டர் பம்ப் குளிர்நீரை எஞ்சின் பிளாக்கிலும் அதன்மேல் அமர்ந்த ஹெட்டிலும் உள்ள வழிகளுக்குள் செலுத்துகிறது. அங்கே சூடேறிய நீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரை அடைந்து, காற்றால் குளிர்ந்து, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. இடையில் தெர்மோஸ்டாட் என்னும் கதவு உள்ளது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 80 முதல் 90 பாகை செல்சியசை எட்டும்வரை அக்கதவு ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடியே வைத்திருக்கும். எஞ்சின் விரைவில் உரிய வெப்பநிலையை அடைவதற்கே இந்த ஏற்பாடு.

மூடியின் பணி

ரேடியேட்டர் மூடியைச் சிந்தாமல் காக்கும் வெறும் மூடி என்று கருதுவோர் பலர். உண்மையில் அது இரு வால்வுகள் கொண்ட நுண்கருவி. ஒன்று, சுற்றினுள் அழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. சிறு கார்கள் பலவற்றில் அவ்வழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிலோகிராம். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தூய நீர், இவ்வழுத்தத்தின்கீழ் 118 பாகை அளவில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்தோ சுருள்வில் தளர்ந்தோ போனால் இந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் காரை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் திறந்த பாத்திரத்து நீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் மிகுதியாக உழைக்கும் வேளையில் கொதிநிலை இறங்கிக்கொண்டே போகிறது. சமவெளியில் ஒருவாறு சமாளித்துவந்த பழுதடைந்த மூடி, மலையில் தன் குறையைக் காட்டிவிடும்.

மூடியின் இரண்டாம் வால்வு, எஞ்சின் ஆறும்போது திறந்து, பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் சேமிப்புக் கலத்திலிருந்து நீரைத் திரும்ப உறிஞ்சவிடுகிறது. இவ்வால்வு பழுதுற்றாலும், கலத்தையும் ரேடியேட்டரையும் இணைக்கும் சிறு குழாய் வெடித்திருந்தாலும், நீருக்கு மாற்றாகக் காற்று உட்புகும் அல்லது நீர் வராமலே நின்றுவிடும். அப்போது கலத்தில் நீர் நிறைந்திருக்க, ரேடியேட்டர் மட்டும் குறைந்துகொண்டே போகும். கலத்தை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்பவர் ஏமாறும் இடம் இது. பிற்காலக் கார்கள் சிலவற்றில் ரேடியேட்டருக்குத் தனி மூடி இராது. அழுத்த மூடி கலத்தின்மீதே அமைந்திருக்கும்.

முதல் வேலை: அளத்தல்

எந்தச் சோதனையும் எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே தொடங்கப்பட வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால், அழுத்தம் திடீரெனக் குறைந்து, உள்ளிருக்கும் நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். மின்விசிறி உள்ள கார்களில், எஞ்சினை நிறுத்திய பின்னும் விசிறி தானே சுழலக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, கலத்தில் நீர்மட்டத்துக்குக் கோடிட்டு, ஓடிய கிலோமீட்டர் கணக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது, நின்றிருக்கும்போது குறைகிறதா, ஓடும்போது மட்டும் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் நிற்கும்போதே குறைந்தால் புறக்கசிவு இருத்தல் கூடும். ஓட்டத்தின்போது மட்டும் குறைந்தால் அழுத்தத்தில் மட்டும் திறக்கும் கசிவோ, அகக்கசிவோ, மூடியின் பழுதோ காரணமாகலாம். இச்சிறு குறிப்பு மெக்கானிக்கின் பாதி வேலையை முடித்துவிடும்.

புறக்கசிவு

இரவில் காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். குளிர்நீருக்குப் பச்சை, சிவப்பு, நீலம் என ஏதேனும் ஒரு நிறம் உண்டு, தொட்டால் வழுவழுக்கும், இனிப்பு மணம் வீசும். குளிர்சாதனம் இயங்கும்போது காரின் அடியில் சொட்டும் நிறமற்ற, மணமற்ற நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதேயாகும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

சொட்டு கீழே விழாமல் சூட்டிலேயே உலர்ந்துவிடுவதும் உண்டு. அவ்விடத்தில் வெண்மையாகவோ குளிர்நீரின் நிறத்திலோ ஒரு படிவு தங்கியிருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

1. மேல், கீழ் ஹோஸ்களும் அவற்றின் கிளிப்புகளும். ரப்பர் வெடித்தோ உப்பியோ மிகவும் மென்மையாகியோ இருந்தால் ஹோஸின் ஆயுள் முடிந்தது.

2. ரேடியேட்டரின் உலோகப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பு. அடியிலுள்ள வடிகால் திருகு.

3. வாட்டர் பம்ப். இதன் அடிப்பகுதியில் தயாரிப்பாளரே அமைத்த ஒரு சிறு துளை உண்டு. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் நீர் அத்துளை வழியே வடிந்து, பழுதை அறிவிக்கும். அத்துளையை அடைப்பது, முறையிடுபவனின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். நீர் பேரிங்கை அடைந்து பம்பையே இறுகச் செய்துவிடும்.

4. தெர்மோஸ்டாட் கூட்டின் கேஸ்கெட்; எஞ்சின் பிளாக்கின் பக்கங்களில் அடிக்கப்பட்டுள்ள வட்டத் தகடுகள்.

5. ஹீட்டர் உள்ள கார்களில் அதன் ஹோஸ்களும், காருக்குள் டாஷ்போர்டின் அடியிலுள்ள ஹீட்டர் பகுதியும். முன் இருக்கைக் கால்விரிப்பு நனைதல், கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுத்த பனி படிதல், இனிப்பு மணம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

அழுத்தச் சோதனை

கண்ணுக்குப் புலப்படாத கசிவைக் கைப்பம்பு பொருந்திய அழுத்தமானி காட்டிக்கொடுக்கும். ஆறிய எஞ்சினில் மூடியை எடுத்துவிட்டு இக்கருவியைப் பொருத்தி, மூடியில் பொறித்துள்ள அளவுவரை அழுத்தத்தை ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல உறுப்புகளே பிளந்துவிடும். கால்மணி நேரம் முள் அசையாமல் நின்றால் சுற்று நலமாக உள்ளது எனலாம். முள் இறங்கினால், ஒரு கைவிளக்கைக் கொண்டு சொட்டும் இடத்தைத் தேட வேண்டும். முள் இறங்கியும் வெளியே ஈரம் எங்கும் காணப்படாவிட்டால் ஐயம் அகக்கசிவின்மேல் திரும்புகிறது. மூடியையும் இக்கருவியால் தனியே சோதிக்கலாம். இச்சோதனை பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது.

அகக்கசிவு

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட், எரிதல் நிகழும் அறை, எண்ணெய் வழி, நீர் வழி ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் காக்கும் மெல்லிய தடுப்பாகும். அது பழுதுற்றாலோ ஹெட் வளைந்தாலோ வெடித்தாலோ குளிர்நீர் எஞ்சினுக்குள்ளேயே மறையும். அதன் அறிகுறிகள் பல.

எஞ்சின் நன்கு சூடான பின்னும் புகைக்குழாயில் இனிப்பு மணமுள்ள வெண்புகை தொடர்ந்து வரும். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் ஆவி இதில் சேராது. எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த காப்பி போல் வெளுத்துத் தோன்றும். மூடி திறந்த நிலையில் ஆறிய எஞ்சினை இயக்கினால் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் இடைவிடாமல் எழும்பும். ஆறிய எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகும். நீர் சூடாகுமுன் அழுத்தம் ஏறுவதற்கு, எரிவாயு உட்புகுதலே காரணமாகும். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், ஒன்று மட்டும் கழுவி எடுத்ததுபோல் தூய்மையாக இருக்கும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. உறுதி செய்ய ஒரு வேதியியல் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் காற்றை ஒரு நீலநிற நீர்மத்தின் வழியே இழுத்தால், அதில் எரிதலால் உண்டான கரியமில வாயு இருக்குமாயின் நீலம் மஞ்சளாக மாறும். எண்ணெயில் நீர் கலந்தது உறுதியானால் அந்த எஞ்சினை மேலும் இயக்கலாகாது.

சீர்செய்தல்

காரணம் தெரிந்தபின் தீர்வு எளிது. மூடி பழுதெனில் அதே அழுத்த அளவுள்ள புது மூடி போதும். ஹோஸ் பழுதெனில் ஹோஸையும் கிளிப்பையும் சேர்த்து மாற்றுவது நன்று. கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பர் அறுபடும். செம்பு, பித்தளையாலான பழைய ரேடியேட்டரை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பிற்கால ரேடியேட்டரை மாற்றுவதே பெரும்பாலும் தக்கது. வாட்டர் பம்பை டைமிங் பெல்ட் இயக்கும் எஞ்சின்களில், பம்பை மாற்றும்போதே பெல்ட்டையும் மாற்றிவிட்டால் இரட்டைக் கூலி மிஞ்சும்.

ஹெட் கேஸ்கெட் வேலையே பெருஞ்செலவுடையது. இங்கு நம் சாலைகளின் வரலாறு ஒன்றைக் கருத வேண்டும். அம்பாசடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினிலோ ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். மிகைச் சூட்டில் எளிதில் வளையும். அம்பாசடரில் பழகிய கை, கொதித்தால் நிறுத்தி நீர் ஊற்றிக்கொண்டு மேலே சென்றது. இரும்பு ஓரளவு பொறுத்தது. அலுமினியம் அவ்வாறு பொறுப்பதில்லை. அவ்விரு கார்களின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் நிற்கவில்லை.

கழற்றிய ஹெட்டின் அடித்தளத்தில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடையே ஃபீலர் கேஜ் செலுத்தி வளைவை அளக்க வேண்டும். சிறு எஞ்சின்கள் பலவற்றுக்கு 0.05 மில்லிமீட்டரே வரம்பு. அதற்கு மேற்பட்டால் லேத் பட்டறையில் தளத்தைச் சமன்செய்ய வேண்டும். வெடிப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும். கேஸ்கெட் புதியதாகவே இருத்தல் வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, பல கட்டங்களாக, டார்க் ரெஞ்ச் கொண்டு உரிய அளவுக்கு முறுக்க வேண்டும். எண்ணெயில் நீர் கலந்திருந்தால் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, எஞ்சின் முதலில் ஏன் கொதித்தது என்பதைக் காண வேண்டும். ஓடாத விசிறியையோ அடைபட்ட ரேடியேட்டரையோ அப்படியே விட்டால், புதுக் கேஸ்கெட்டும் பழையதன் வழியே செல்லும்.

மீண்டும் நிரப்புதல்

குளிர்நீர் கலவை பனி உறையும் நாடுகளுக்கே வேண்டும், நமக்கு வெறும் நீர் போதும் என்பது தவறான எண்ணம். எத்திலீன் கிளைக்கால் கலந்த நீர் உறைநிலையைத் தாழ்த்துவதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. அதில் சேர்த்துள்ள மருந்துகள் உலோகம் அரிக்காமல் காக்கின்றன. நம் ஊர்க் கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் உள்ள உப்புகள், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோலவே ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து அடைக்கும். எனவே காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றுதல் பொதுவான முறை. கலந்தே விற்கப்படுவதில் மேலும் நீர் சேர்க்கலாகாது. நிறத்தை மட்டும் நம்பி வகையைத் தேர்தலும், இருவகையைக் கலத்தலும் கூடா. காரின் கையேட்டைப் பார்க்க வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளும் விலங்குகளும் நாடாத இடத்தில் அதை வைத்தல் கடமையாகும்.

நிரப்பும்போது உள்ளே காற்று தங்காமல் காப்பதும் முக்கியம். ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் திறந்து வைத்து, மெல்ல ஊற்றி, மூடி திறந்த நிலையில் எஞ்சினை ஆறிய நிலையிலிருந்து நிதானமாக ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடேறும்போது மட்டம் இறங்கும்; மீண்டும் நிரப்பி மூட வேண்டும். அடுத்த மூன்று நாள் காலையிலும் மட்டத்தைப் பார்த்தால்தான் வேலை முடிந்தது எனலாம்.

கைவைத்தியங்கள்

கசியும் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது நம் சாலைகளில் நெடுநாளாக வழங்கிவரும் முறை. தூள் சிறு ஓட்டையை அடைத்து, அடுத்த ஊர்வரை கொண்டு சேர்க்கலாம். ஆயினும் ஓட்டை எது, நுண்குழாய் எது என்று அத்தூள் அறியாது. கடையில் விற்கும் அடைப்பு மருந்துகளுக்கும் இது பொருந்தும். அவை ஊர் போய்ச் சேர்வதற்கே. சேர்ந்தபின் சுற்றைக் கழுவி உரிய வேலையைச் செய்ய வேண்டும். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவதும் இத்தகையதே. அதனால் எஞ்சின் உரிய வெப்பநிலையை அடையாமல் எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும். கசிவோ அப்படியே இருக்கும்.

வழியில் கொதித்தால்

வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியதும் குளிர்சாதனத்தை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்ட வேண்டும். முள் சிவப்பை எட்டினால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். ஏறிய முள் காரணமின்றித் திடீரென இறங்கினால் மகிழ்தல் கூடாது. நீரின் சூட்டை அளக்கும் உணர்கருவி நீர் முற்றும் வடிந்துபோனால் சரியாகக் காட்டாது. முள் தாழ்ந்திருக்கவே எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

மேல் ஹோஸைத் துணியால் பற்றி அழுத்தும்போது அது இளகியிருக்கும்வரை, அரைமணிக்கும் மேலாகவேனும் காத்திருக்க வேண்டும். பின்னர் மூடியைத் தடித்த துணியால் பற்றி மெல்லத் திறந்து, சிறிது சிறிதாக நீர் ஊற்றலாம். கொதிக்கும் எஞ்சினில் தண்ணீரைத் திடீரென ஊற்றினால் உலோகம் வெடிக்கக்கூடும். ஊற்றிய நீர் விரைந்து மறையுமாயின் ஓட்டிச் செல்வதைவிடக் கட்டி இழுத்துச் செல்வதே சிக்கனமாகும்.

முடிவுரை

குறைந்த குளிர்நீர் வெளியே சிந்தியிருக்க வேண்டும். அல்லது ஆவியாய் மூடி வழியே போயிருக்க வேண்டும். அல்லது எஞ்சினுக்குள் மறைந்திருக்க வேண்டும். இம்மூன்றன்றி வேறு வழி இல்லை. ஆறிய எஞ்சினில் அளந்து, வெளியே தேடி, அழுத்தத்தால் சோதித்து, இறுதியில் உள்ளே ஐயுறுதல் என்னும் வரிசையை விடாமல் பின்பற்றினால், இம்மூன்றில் எது என்பது தெளிவாகும். இதற்கு வேண்டியது பெரும்பொருள் அன்று; ஓர் அட்டையும், ஒரு குறிப்பேடும், சில நாள் பொறுமையுமே. ஆகவே, நாளைக் காலை ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கக் கண்டால், செம்பை எடுக்குமுன் குறிப்பேட்டை எடுத்து எவ்வளவு குறைந்தது என்று எழுதிக்கொள்ளல் வேண்டும்.